சோலார் ஹீட்டருக்கும் வெந்நீர் லைனுக்கும் தூர் வாரினேன்

மார்கழி பிறந்ததிலிருந்தே வீட்டில் வெந்நீருக்குப் பஞ்சம். மொட்டை மாடியில் 200 லிட்டர் சோலார் ஹீட்டர் நிற்கிறது, 20 கண்ணாடிக் குழாய் உள்ள மாடல், போட்டு ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். நாள் முழுக்க வெயில் காய்ந்த பிறகும் சாயங்காலம் திறந்தால் வெதுவெதுப்புக்கு மேல் போவதில்லை, அந்த வெதுவெதுப்புத் தண்ணீரும் கீழ் பாத்ரூமில் 15 லிட்டர் வாளி ஒன்றை நிரப்ப ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டது. பக்கத்திலேயே இருக்கும் பச்சைத் தண்ணீர்க் குழாயில் அதே வாளி ஒரு நிமிடத்தில் நிரம்பிவிடும். கூப்பிட்டுக் காட்டியவர்களில் ஒருவர் ஹீட்டரையே மாற்றச் சொன்னார், இன்னொருவர் டைல்ஸை உடைத்து லைன் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்றார். இரண்டுமே தேவைப்படவில்லை. உள்ளே சேறு, அவ்வளவுதான். எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம், போர் தண்ணீரில் குளிக்கிற வீடுகள்தான் எல்லாம், ஹீட்டர் வைத்திருக்கிற பலருக்கும் இதே தொல்லை இருக்கிறது, அதனால் செய்ததை முழுக்க எழுதி வைக்கிறேன்.

முதலில் சூடு குறைவதும் வேகம் குறைவதும் ஒரே இடத்துக் கோளாறா என்று பார்க்க வேண்டும். ஹீட்டர் டேங்கிலிருந்து வெந்நீர் வெளியே வரும் இடத்தில் ஒரு யூனியன் (கழற்றி மாட்டக்கூடிய பைப் இணைப்பு) இருக்கும், அதைக் கழற்றி நேராக வாளியில் பிடித்தேன். தடிமனாகக் கொட்டியது. அப்படியென்றால் டேங்க் வாயில் அடைப்பில்லை, கீழே இறங்கும் லைனில்தான் அடைப்பு. அதே வாளியில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால், நல்ல வெயில் அடித்த நாளின் மாலை 4 மணிக்கு 41 டிகிரி. புதிதாக இருந்தபோது 60-ஐத் தொட்ட ஹீட்டர் இது. ஆக சூட்டுக் குறை தனி, வேகக் குறை தனி. சூட்டுக் குறை கண்ணாடிக் குழாய்களில், வேகக் குறை பைப்பில். இதைப் பிரித்துப் பார்க்காமல் கை வைத்தால் ஒன்றைச் சரிசெய்துவிட்டு இன்னொன்று போகவில்லையே என்று உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கண்ணாடிக் குழாய் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் சேறு ஏன் அங்கே போய் உட்காருகிறது என்பது புரியும். ஒவ்வொரு குழாயும் இரட்டைக் கண்ணாடி, நடுவில் வெற்றிடம். மேல்முனை டேங்குக்குள் திறந்திருக்கும், கீழ்முனை மூடியிருக்கும். வெயிலில் சூடான தண்ணீர் எடை குறைந்து குழாயின் மேல்பக்கமாக ஏறி டேங்குக்குப் போகும், டேங்கில் இருக்கும் ஆறிய தண்ணீர் கீழ்ப்பக்கமாக இறங்கி வரும். மோட்டார் கிடையாது, இந்த மெதுவான சுழற்சிதான் எல்லாம். தண்ணீரோடு வரும் துருவும் மண்ணும் இறங்குகிற தண்ணீரோடு இறங்கும், மேலே ஏறுகிற தண்ணீருக்கு அதைத் தூக்கிப்போகிற வேகம் கிடையாது. வருடக்கணக்கில் அடியில் சேர்ந்துகொண்டே இருக்கும். சேறு நிரம்பிய பகுதியில் வெயில் எவ்வளவு அடித்தாலும் அந்தச் சூடு டேங்குக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. இன்னொரு விஷயம், டேங்கின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்து வருடா வருடம் கழுவுகிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அதில் டேங்க் மட்டும்தான் காலியாகும். குழாய்கள் டேங்குக்குக் கீழே இருக்கின்றன, அவற்றின் தண்ணீரும் சேறும் அப்படியே நிற்கும். கழற்றாமல் குழாயைச் சுத்தம் செய்ய வழியில்லை.

கழற்றுவதற்கு முதல் நாள் மாலையே குழாய்களின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிட்டேன், காலையில் வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்கினேன். இதில் அலட்சியம் கூடவே கூடாது. தண்ணீரில்லாத குழாய் வெயிலில் கிடந்தால் உள்ளே 200 டிகிரியைத் தாண்டும், அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் அந்தக் கணமே வெடிக்கும். ஹீட்டருக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடி, டேங்கை வடித்து, டேங்க் ஓட்டையில் இருக்கும் ரப்பர் வளையத்தைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டு, குழாயை மெதுவாகத் திருகிக்கொண்டே டேங்குக்குள் இன்னும் கொஞ்சம் மேலே தள்ள வேண்டும். அப்போது கீழ்முனை அதன் கிண்ணத்திலிருந்து விடுபடும், அதைக் கொஞ்சம் விலக்கிவிட்டுக் கீழ்நோக்கி இழுத்தால் குழாய் கையோடு வந்துவிடும். தண்ணீரோடு ஒரு குழாய் நல்ல கனம், இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுத் தம்பி கீழ்முனையைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன், "தம்பி, அடியில கூர்மையா ஒரு நுனி இருக்கும், அது தரையில இடிச்சா குழாய் போச்சு." காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய இடம் அது, அங்கே விரிசல் விட்டால் வெற்றிடம் போய்விடும். வெற்றிடம் இருக்கிறதா என்பதை அடிமுனையின் நிறத்தை வைத்தே சொல்லலாம். வெள்ளிப்பூச்சு பளபளவென்று இருந்தால் நல்ல குழாய், வெளுத்துச் சுண்ணாம்பு நிறமாகியிருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது, அதைக் கழுவி மாட்டிப் பிரயோஜனம் இல்லை. எங்களுடையதில் ஒன்று மட்டும் வெளுத்திருந்தது.

முதல் குழாயைச் சாய்த்ததும் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. அப்புறம் கலங்கலாக வந்தது. அப்புறம் எதுவும் வரவில்லை, குழாய் தலைகீழாக இருக்கிறது, அடியில் ஒரு முழ உயரத்துக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டு நிற்கிறது. கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்கிச் சாய்த்தபோது அது மொத்தமாக வழுக்கிக்கொண்டு வந்து தட்டில் விழுந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மேல் பகுதி வழவழவென்று, மணலே இல்லாத வண்டல், விரல் ரேகைக்குள் காவி நிறம் ஏறிக்கொண்டு சோப்புப் போட்டாலும் போகவில்லை. அடிப் பகுதியில் வெள்ளைச் சில்லுகள், நகத்தால் அழுத்தினால் பொடிப்பொடியாக உடைந்தன. சிவப்பு இரும்பு, வெள்ளை சுண்ணாம்பு. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு ஏறும்போது பிரிந்து படியும், அதனால் ஹீட்டருக்குள்தான் அது அதிகம்.

வெள்ளைப் படிவு தேய்த்தால் போகாது. கம்பி பிரஷ் உள்ளே போகக் கூடாது, கண்ணாடியில் கீறல் விழும். பிவிசி பைப்பின் நுனியில் பழைய பருத்தித் துணியைச் சுற்றிக் கட்டி முதலில் சேற்றை எடுத்தேன், பிறகு லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் ஆசிட்) கரைத்து ஒவ்வொரு குழாயிலும் ஊற்றி, நிழலில் சுவரோரமாகச் சாக்கை விரித்து நிறுத்தி வைத்தேன். நுரை பொங்கி அடங்கியது, மறுநாள் காலையில் துணியை விட்டு ஒருமுறை சுழற்றியதும் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிட்டது. டேங்கின் அடியில் கிடந்த சேற்றைக் குழாய் ஓட்டைகள் வழியாகவே ஹோஸ் விட்டுக் கழுவினேன். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் யாரும் இதற்கு எடுக்க வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், அதில் இருக்கும் குளோரைடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை போடும், டேங்க் ஒழுக ஆரம்பித்தால் அதற்கு வைத்தியம் கிடையாது. எந்த ஆசிட்டோடும் பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவும் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

சரி, டேங்கும் குழாயும் முடிந்தது, லைன்? சித்தப்பா மகன் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் இருக்கிறான், போனில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது அவன் சொன்னான், "அண்ணே, இதே வேலையத்தான் இங்க பவர் ஃபிளஷ்னு செய்யுறாங்க. போன வருஷம் நம்ம வீட்டுக்கே செஞ்சாங்க, நான் கூடவே நின்னு பாத்தேன்." அங்கே குளிருக்கு வீட்டையே சூடாக்கியாக வேண்டும். ஒரு பாய்லர், அதிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் பைப், அறைக்கு ஒன்று என்று சுவரில் இரும்பு ரேடியேட்டர், சுடுதண்ணீர் எல்லாவற்றிலும் சுற்றிவிட்டுத் திரும்பப் பாய்லருக்கே வந்துவிடும். அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றும். ரேடியேட்டரின் இரும்பு உள்ளுக்குள் அரித்துச் சேறாகி அடியில் தங்கும், அப்போது ரேடியேட்டர் மேலே சுடும், கீழே சில்லென்று இருக்கும். மேலே சில்லென்று கீழே சுட்டால் காற்று அடைத்திருக்கிறது, அதை எடுக்கத் தனியாக ஒரு சின்னத் திருகு உண்டு. சேறு என்றால் இயந்திரம் வர வேண்டும். அந்த இயந்திரம் அழுத்தத்தை ஏற்றுவதில்லை, குறைந்த அழுத்தத்தில் நிறையத் தண்ணீரை வேகமாக ஓட்டுகிறது, ஒரு வால்வைத் திருப்பினால் ஓட்டம் எதிர்த்திசைக்கு மாறும். மற்ற ரேடியேட்டர்களை மூடிவிட்டு ஒன்று ஒன்றாக முழு ஓட்டத்தையும் விடுவார்கள், ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே. கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி, துருப்பிடிக்காமல் இருக்க ஒரு மருந்தை ஊற்றி, பைப்பில் காந்த ஃபில்டர் ஒன்றை மாட்டிவிடுவார்கள். இதற்கெல்லாம் அங்கே பி.எஸ். (பிரிட்டிஷ் தரநிலை) 7593 என்று ஒரு நெறிமுறையே இருக்கிறது.

கேட்டதும் எனக்குப் பிடித்துப்போனது அழுத்தம் வேண்டாம், ஓட்டம் வேண்டும் என்கிற விஷயம்தான். இங்கே அடைப்பு என்றாலே கம்ப்ரசர் காற்றை விட்டு அடிக்கிறார்கள். சுவருக்குள் புதைந்த 20 வருடத்து ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் அப்படி அடித்தால் மரை போட்ட இடத்தில் எங்கேயாவது விட்டுக்கொடுக்கும், அப்புறம் நிஜமாகவே டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டு லைன் மேலே சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்), கீழே பழைய கீசர் காலத்து ஜிஐ, இரண்டும் கலந்தது.

அவன் சொன்னதில் காந்த ஃபில்டர் நமக்கு உதவுமா என்றும் பார்த்தேன். அங்கே மூடிய சுற்று என்பதால் ஆக்ஸிஜன் குறைவு, அந்தச் சேறு மேக்னடைட் என்கிற கருப்பு இரும்பு ஆக்சைடு, காந்தத்தில் ஒட்டும். நம்முடையது தினமும் புதுத் தண்ணீர், புதுக் காற்று, அதனால் சிவப்புத் துரு. தட்டில் காய்ந்த சேற்றின் மேல் பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கொண்டுபோனேன், கருப்பாக ஒன்றிரண்டு துகள் ஏறியது, சிவப்புப் பொடி அசையவே இல்லை. ஆகவே காந்தம் இங்கே செலவுக்குக் கேடு. துருவைத் தடுக்கும் மருந்தும் கூடாது, அவர்கள் அந்தத் தண்ணீரில் குளிப்பதில்லை, நாம் குளிக்கிறோம், பிள்ளைகள் வாய் கொப்பளிக்கிறார்கள்.

லைனுக்கான ஏற்பாடு இது. கொல்லையில் ஒரு நீல டிரம், அரை ஹெச்பி மோனோபிளாக் மோட்டார், முக்கால் இன்ச் ஹோஸ் இரண்டு, கிளாம்ப், கேட் வால்வு, ஒரு டீ (T வடிவ இணைப்பு). மோட்டாரின் டெலிவரியில் டீ போட்டு, ஒரு பக்கம் லைனுக்கு, இன்னொரு பக்கம் கேட் வால்வு வழியாகத் திரும்ப டிரம்முக்கே. லைன் அடைத்திருக்கும்போது அழுத்தம் ஏறாமல் இந்த வால்வு காப்பாற்றும், முதலில் அது பாதி திறந்தே இருக்கட்டும். மாடியில் ஹீட்டர் யூனியனைப் பிரித்து லைன் பக்கத்து முனையில் ஒரு ஹோஸ், கீழ் பாத்ரூமில் குழாயைக் கழற்றிய இடத்தில் இன்னொரு ஹோஸ், அதன் மறுமுனை டிரம்மின் வாயில் கட்டிய வேட்டித் துணிக்கு மேலே. ஹீட்டர் டேங்க் இந்தச் சுற்றில் இருக்கவே கூடாது, அது அழுத்தம் தாங்கும்படி செய்யப்பட்டதல்ல, அதன் ஏர் வென்ட் திறந்திருப்பதே அதனால்தான். லைனில் நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணீரை ஒரே திசையில் மட்டும் விடுவது) இருந்தால் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் எதிர்த்திசை ஓட்டம் நடக்காது. வெந்நீரையும் பச்சைத் தண்ணீரையும் கலக்கும் மிக்சர் குழாயையும் ஷவரையும் கழற்றி வைத்துவிட்டு வெறும் முனையில் மாட்டுங்கள், கிளம்புகிற குப்பை மிக்சருக்குள் போனால் அது தனி வேலை. ஈரத் தரையில் மோட்டார் என்பதால் ஷாக் அடித்தால் உடனே கரண்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர் உள்ள பாயிண்டில் மட்டும்தான் சொருகினேன்.

எந்தக் கிளையை முதலில் செய்வது என்பதற்கு ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்குத்தான். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமென்றால் வழியில் இருக்கும் மதகுகளை அடைக்க வேண்டும். அப்படியே சமையலறை, மாடி பாத்ரூம் கிளைகளுக்கெல்லாம் மூடி போட்டுவிட்டு முழு ஓட்டத்தையும் கடைசியில் இருக்கும் கீழ் பாத்ரூமுக்கு விட்டேன்.

முதலில் வெறும் தண்ணீர். கொஞ்ச நேரம் மங்கலாக ஒழுகிக்கொண்டிருந்தது, துணியில் மெல்லிய காவி மட்டும். ஹோஸ் முனைகளை மாற்றி மாட்டித் திசையைத் திருப்பியதும்தான் கதை மாறியது. ஒரு உறுமல், காற்று, பிறகு கருஞ்சிவப்பாக ஒரு வீச்சு, துணியில் நகத்தளவு துருச் சில்லுகள் குவிந்தன. தினமும் ஒரே திசையில் ஓடுகிற தண்ணீர் எல்போவின் (பைப் திரும்பும் வளைவு) ஒரு பக்கத்தில்தான் குப்பையைச் சேர்த்து இறுக்கி வைக்கிறது, அதையே எதிர்ப்பக்கமிருந்து தள்ளினால் பெயர்ந்துவிடுகிறது. வெளிச்சுவரில் தெரியும் ஜிஐ எல்போக்களை மரக்கட்டையால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தேன், தட்டிய ஒவ்வொரு முறையும் துணியில் புதிதாக நிறம் ஏறியது. திசையை மாற்றி மாற்றி விட்டு, துணியைப் பிழிந்து பிழிந்து கட்டி, வேட்டி வெள்ளையாகவே நிற்கும்வரை ஓட்டினேன். அம்மா கொல்லைக்கு வந்து டிரம்மைப் பார்த்துவிட்டு, "இதுலயாப்பா இத்தன நாளா குளிச்சோம்?" என்றார்.

அதன் பிறகுதான் எலுமிச்சை உப்பு. 100 லிட்டருக்கு 2 கிலோ, சுற்ற விட்டு முக்கால் மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சையும் அமிலம் தின்னும், சிபிவிசிக்கு ஒன்றும் ஆகாது. முடிந்ததும் டிரம்மில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நுரைப்பது நின்ற பிறகு கொட்டினேன், பிறகு நல்ல தண்ணீரால் இரு திசையிலும் அலசல். மூடி வைத்த கிளைகளையும் இதேபோல ஒவ்வொன்றாக.

இவ்வளவும் செய்துவிட்டுப் பழைய தண்ணீரையே விட்டால் திரும்பவும் சேறுதான். எங்கள் போர் 60 அடி ஃபில்டர் பாயிண்ட், அதாவது மணல் அடுக்கில் இறக்கிய ஆழம் குறைந்த குழாய்க் கிணறு. இறைக்கும்போது தண்ணீர் கண்ணாடியாக இருக்கும், வாளியில் வைத்துவிட்டு மறுநாள் பார்த்தால் அடியில் மஞ்சள். நிலத்தடியில் காற்றில்லாததால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. மேலே வந்து காற்றுப் பட்டதும் துருவாகிப் படிகிறது. வீட்டிலேயே சோதிக்கலாம், ஒரு டம்ளர் தண்ணீரில் கடுக்காய்ப் பொடியைக் கலந்தால் இரும்பிருக்கிற தண்ணீர் கருநீலமாகக் கறுத்துப்போகும். கடுக்காய்ச் சாறேற்றிய துணியில் இரும்புக் கரைசல் பட்டதும் கலம்காரித் துணியின் கருப்பு வருகிறதே, அதே வேதியியல்தான்.

தண்ணீர் தொட்டிக்குப் போகும் முன்பு இதற்கு ஒரு வழி செய்தாக வேண்டும். மேல்தொட்டிக்குள் விழும் பைப்பின் முனையை மூடிவிட்டு, அதன் நீளத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டை போட்டேன், தண்ணீர் தூறலாக விழுந்து காற்றோடு கலக்கிறது. பழைய 500 லிட்டர் தொட்டி ஒன்று சும்மா கிடந்தது, அதை முதல் தொட்டியாக வைத்து ஒரு இரவு தெளிய விட்டு, அதன் அடியிலிருந்து அரை அடி மேலே துளை போட்டு இரண்டாவது தொட்டிக்கு எடுக்கிறேன். ஹீட்டருக்குப் போகும் பைப்பையும் இரண்டாவது தொட்டியின் அடிமட்டத்திலிருந்து உயர்த்திவிட்டேன். முன்பு அது தரையோடு தரையாக இருந்தது, தொட்டியில் தங்குகிற சேற்றையெல்லாம் நேராக ஹீட்டருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அதுதான். முதல் தொட்டியின் அடியில் ஒரு வால்வு, வாரம் ஒருமுறை திறந்துவிட்டால் மஞ்சளாக வடிந்து கொல்லை வாழைக்குப் போகிறது. சுண்ணாம்பு இதில் குறையாது. கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்வரை நல்லது, வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரநிலை. போர் தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தால் அந்த எண்ணும் இரும்பின் அளவும் கையில் கிடைக்கும், ஹீட்டர் வாங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது. எண் அதிகமென்றால் எலுமிச்சை உப்புக் கழுவலை வருடம் ஒருமுறை வைத்துக்கொள்ள வேண்டியதுதான், அதற்கு ஐப்பசி அடைமழை சரியான காலம், எப்படியும் வெயில் இருக்காது.

குழாய்களைத் திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையங்களை எல்லாம் புதிதாகப் போட்டேன், பழையது இறுகிப்போயிருந்தது. வெளுத்துப்போன அந்த ஒரு குழாய்க்குப் பதில் கும்பகோணத்தில் புதிது கிடைத்தது, வாங்கும்போது நீளத்தையும் விட்டத்தையும் அளந்து கொண்டுபோங்கள், 47 மில்லிமீட்டர் குழாயும் உண்டு, 58-உம் உண்டு, ஒன்றின் இடத்தில் மற்றது ஏறாது. டேங்க் நிரம்பிய பிறகுதான் சாக்கை எடுத்தேன்.

இப்போது மாலை 4 மணிக்கு டேங்கில் 58 டிகிரி. கீழ் பாத்ரூம் வாளி ஒன்றரை நிமிடத்துக்குள் நிரம்புகிறது. சமையலறைக் கிளையும் நன்றாக வருகிறது. மாடி பாத்ரூம் கிளை மட்டும் இன்னும் சுணக்கம், எந்தத் திசையில் விட்டும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. அங்கே அரை இன்ச் ஜிஐ, உள்ளே துரு கட்டியாகப் புடைத்து வளர்ந்துவிட்டிருக்கிறது. கழற்றிய நிப்பிளின் (சிறிய இணைப்புத் துண்டு) வாயில் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. இனி அமிலத்தால் அதைத் துடைக்கப் பார்த்தால் பைப்தான் ஓட்டையாகும், அந்தப் பத்தடியை மட்டும் சுவருக்கு வெளியே சிபிவிசியில் ஓட்டிவிடலாம் என்று அளவு எடுத்து வைத்திருக்கிறேன்.